துருவேறிய ஸ்டாண்டர்ட் கிராங்கா, பளபளக்கும் நாற்பது சைஸா?

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோகும் பழைய மஹிந்திரா ஜீப்புகள் பலவற்றில் இருப்பது 2523 சிசி டீசல் என்ஜின். நாலு சிலிண்டர், போர் (சிலிண்டரின் விட்டம்) 88.9 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 101.6 மில்லிமீட்டர். இதில் பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் போய்விட்டால் முன்னால் மூன்று வழி நிற்கும். தோட்டத்து ஷெட்டில் வருஷக்கணக்காகக் கிடக்கும் என்ஜினிலிருந்து துருப்பிடித்த கிராங்கைக் கழற்றித் தேற்றலாம். காயலாங்கடையில் எண்ணெய் பூசி வைத்திருக்கும் பளபளப்பான ஒன்றை வாங்கலாம். இல்லையென்றால் புதிது. முதல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எல்லார் கையும் பளபளப்பதன் மேல்தான் போகும். பணம் வீணாவது அங்கேதான்.

துருவைக் கண்ணால் எடைபோடக் கூடாது. மைக்ரோமீட்டரால் எடைபோட வேண்டும். கிராங்கில் பேரிங் ஓடும் இடத்தை (ஜர்னல்) ஒவ்வொரு தடவை கிரைண்டிங் செய்யும்போதும் விட்டத்தில் பத்து தௌ (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.254 மில்லி குறையும். ஸ்டாண்டர்ட், பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று பேரிங் சைஸ் போவது அதனால்தான். விட்டத்தில் 0.254 குறைகிறது என்றால் மேற்பரப்பிலிருந்து இறங்குவது அதில் பாதி, 0.127 மில்லி. இந்தப் பாதிக் கணக்கை மறந்துவிட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள். துருக்குழியின் ஆழம் 0.10 மில்லி என்றால் பத்து சைஸிலேயே குழி மறைந்துவிடும். 0.20 என்றால் இருபது சைஸுக்குப் போக வேண்டும். 0.40 என்றால் நாற்பது. அரை மில்லியைத் தாண்டிய குழிக்கு மருந்து இல்லை. வெல்டிங் வைத்து ஏற்றித் தருகிறோம் என்பார்கள். பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு மலையேறும் வண்டிக்கு அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

இப்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று துருவேறியது, ஆனால் இதுவரை கிரைண்டிங் கல்லே படாத ஸ்டாண்டர்ட், குழி 0.10 மில்லி. பத்து சைஸில் சுத்தமாகிவிடும், அதற்குப் பிறகும் இருபது, முப்பது, நாற்பது என்று மூன்று ஆயுள் பாக்கி. இன்னொன்று கண்ணாடி மாதிரி மின்னுகிறது, ஆனால் ஏற்கெனவே நாற்பதில் நிற்கிறது. அடுத்த முறை ஆயில் குறைந்து பேரிங் உருகினால் அதன் கதை முடிந்தது. துருப்பிடித்ததுதான் நல்ல சரக்கு.

ஆகவே காயலாங்கடைக்கு மைக்ரோமீட்டர் இல்லாமல் போகக் கூடாது. முன்பு கிரைண்டிங் செய்தவர்கள் சில சமயம் வெப்பில் (ஜர்னல்களை இணைக்கும் தட்டையான கை) சைஸைக் குத்தி வைத்திருப்பார்கள். கிரீஸைத் துடைத்துவிட்டுத் தேடுங்கள். குத்து இல்லாவிட்டால் அளந்துதான் தெரியும். எமரி போட்டு மினுக்கிய ஜர்னலை ஒரே இடத்தில் அளந்தால் போதாது. இரண்டு ஓரத்திலும் நடுவிலும், பிறகு தொண்ணூறு டிகிரி திருப்பி மறுபடியும் அளக்க வேண்டும். கையால் எமரி இழுத்த கிராங்க் பீப்பாய் போல நடு புடைத்தோ, முட்டை வடிவத்திலோ இருக்கும். ஃப்ளைவீல் போல்ட் ஓட்டைகளையும் சாவிக்காடியையும் பழைய கிராங்கோடு வைத்துப் பார்த்துவிடுங்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பது பூட்டும்போது பொருந்தாமல் போவதுண்டு.

துருப்பிடித்ததில் குழியின் ஆழத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் டீசலில் நனைத்த துணியால் ஜர்னலை அழுத்தித் துடையுங்கள். ஆரஞ்சுப் பொடி துணியோடு வந்துவிட்டு, கீழே சாம்பல் நிறக் கறை மட்டும் இருந்தால் அது வெறும் கறை. 600 நம்பர் எமரியை எண்ணெயில் நனைத்து, வார் போலச் சுற்றி இழுத்தால் போய்விடும். துடைத்த பிறகும் பேனா முள்ளால் குத்தியது போலக் கரும்புள்ளிகள் நின்றால் அவை குழிகள். நகத்தைக் குறுக்கே இழுங்கள். நகம் தட்டினால் பாலிஷ் பேச்சை விட்டுவிட்டுக் கிரைண்டிங் கணக்குக்கு வந்துவிட வேண்டும். ஊசிமுனை போட்ட டயல் கேஜ் இருந்தால் ஆழம் நேராகவே தெரியும். இல்லாவிட்டால் கிரைண்டிங் பட்டறையில் மிக மோசமான ஜர்னலை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். அது எந்த சைஸில் சுத்தமாகிறதோ அதுதான் அந்த வரிசை முழுவதற்கும் சைஸ். மெயின் (பிளாக்கில் உட்காரும் ஜர்னல்) எல்லாம் ஒரே சைஸ், பின் (பிஸ்டனை இணைக்கும் கன்ராட் பூட்டும் ஜர்னல்) எல்லாம் ஒரே சைஸ் இருக்க வேண்டும். மெயினும் பின்னும் தங்களுக்குள் வேறுபடலாம், பேரிங் தனித்தனி செட்டாகத்தான் வருகிறது. அந்த சைஸ் பேரிங் கடையில் கிடைக்குமா என்று கேட்காமல் கல்லை வைக்கக் கூடாது. பேரிங்கைக் கையில் வாங்கிக்கொண்டு போய்ப் பட்டறையில் கொடுப்பது இன்னும் நல்லது.

கிரைண்டிங் முடிந்ததும் ஜர்னலுக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள எண்ணெய் இடைவெளியைச் சரிபாருங்கள். ஜர்னல் விட்டம் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு தௌ என்பது பழைய கணக்கு. இரண்டேகால் அங்குல ஜர்னலுக்கு 0.057 மில்லி வரும். மேனுவலில் வேறு அளவு இருந்தால் மேனுவல் சொல்வதே சரி.

ஆழத்தைப் போலவே குழி இருக்கும் இடமும் முக்கியம். ஜர்னல் வெப்பைத் தொடும் மூலையில் ஒரு வளைவு இருக்கிறதே, ஃபில்லெட், அங்கே துருக்குழி இருந்தால் ஆழம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த கிராங்க் வேண்டாம். ஒவ்வொரு பவர் ஸ்ட்ரோக்குக்கும் கிராங்க் வளைய முயல்வது அந்த மூலையில்தான். லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலையில் இரண்டாம் கியரில் முழு பாரத்தோடு முக்கி ஏறும்போது விரிசல் அந்தக் குழியில் பிறக்கும். கிரைண்டிங் செய்பவர் கல்லின் முனையைச் சரியாக உருட்டாமல் மூலையைக் கூராக வெட்டிவிட்டாலும் இதே கதிதான். வேலையைக் கையில் வாங்கும்போது அந்த வளைவை விரலால் தடவிப் பாருங்கள். ஆயில் ஓட்டையின் வாயில் உள்ள குழியும் ஆபத்து. ஜர்னலின் நடுவில் தனியாக நிற்கும் ஓரிரு ஊசிப்புள்ளியை, ஓரங்களை மழுக்கிவிட்டு, மெயினில் விட்டுவைக்கலாம். பின்னில் விடாதீர்கள். குறுக்கே கோடாக ஓடும் துரு, பேரிங்கின் ஓரம் தங்கிய இடத்தில் வருவது, ஒவ்வொரு சுற்றிலும் பேரிங்கைச் சுரண்டும். ஆயில் சீல் ஓடும் இடத்தில் மட்டும் குழி என்றால் கவலை குறைவு. மெல்லிய ஸ்லீவ் போட்டுச் சமாளிக்கலாம்.

எந்த ஷெட்டிலிருந்து வந்த கிராங்க் என்பதையும் கேட்க வேண்டும். கம்பம், கூடலூர் பக்கம் மழைமறைவு; வெறும் காற்று ஈரத்தில் பிடிக்கும் துரு மேலோடு நின்றுவிடும். வண்டிப்பெரியாறு, நெடுங்கண்டம் பக்கம் ஜூனில் தொடங்கும் மழையில் கூரை ஒழுகும் ஷெட்டில் கிடந்தது என்றால் கதை வேறு. அதைவிட மோசம் துரிசு, அதாவது மயில்துத்தம். ஏலத்தில் அழுகலுக்கு அடிக்கும் போர்டோ கலவைக்காகத் துரிசு மூட்டை அடுக்கிய ஷெட்டில் இரும்பைப் போட்டால், துரிசு கரைந்த ஈரம் படும் இடத்தில் செம்பு வந்து இரும்பின் மேல் ஒட்டிக்கொண்டு, இரும்பு கரைந்து போகும். துருவுக்கு நடுவே ரோஜா நிறத்தில் மெல்லிய படலம் தெரிந்தால் அது செம்பு. அந்த கிராங்கை ஒதுக்கிவிடலாம். பொட்டாஷ் உரமும் அப்படித்தான். அதில் உள்ள குளோரைடு மேலே அகலமாகப் பரவாமல் கீழ்நோக்கித் துளைக்கும். மேலே பொட்டு அளவு, உள்ளே கிணறு.

விரிசல் சோதனையை விடாதீர்கள். கிராங்கைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினால் மணி மாதிரி நீண்டு ஒலிக்க வேண்டும்; மண்பானை மாதிரி சத்தம் வந்தால் விரிசல். மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சாக்பீஸ் பொடி பூசி வைத்தால் விரிசல் கோடு ஈரமாகத் தெரியும். காந்தப்பொடி சோதனை செய்யும் பட்டறை கிடைத்தால் அதையே செய்துவிடுங்கள். மற்ற இரண்டும் பெரிய விரிசலைத்தான் காட்டும்.

துருவை எடுக்கும் வழிகளிலும் போட்டி உண்டு. புளிக்கரைசலும் சிட்ரிக் ஆசிட்டும் (லிட்டருக்கு ஐம்பது முதல் நூறு கிராம்) பிராக்கெட், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், டைமிங் கவர் மாதிரி இரும்புச் சாமான்களுக்கு நல்லது. ஓர் இரவு ஊறவைத்து, சோடா உப்பு கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே எண்ணெய் தடவ வேண்டும். பத்து நிமிஷம் விட்டால் மஞ்சள் துரு திரும்ப வந்து உட்காரும். அலுமினியத்தை இதில் போடக் கூடாது. பெரிய சாமானுக்கு மின்சார முறை சிறந்தது: நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா, 12 வோல்ட் சார்ஜர், சாமானுக்கு நெகட்டிவ், எதிரே நிற்கும் பழைய இரும்புத் துண்டுக்குப் பாசிட்டிவ். அந்தத் துண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கவே கூடாது. அதில் உள்ள குரோமியம் தண்ணீரை நஞ்சாக்கிவிடும். ஹைட்ரஜன் வரும், ஆகவே வெட்டவெளியில் வையுங்கள், பீடி பற்றவைக்காதீர்கள். கிராங்குக்கு மட்டும் இரண்டும் வேண்டாம். ஆசிட் ஜர்னலைச் சொரசொரப்பாக்கும், ஹைட்ரஜன் கெட்டியான எஃகுக்குள் புகுந்து உடையும் தன்மையைக் கொடுக்கும். அதற்கு டீசல், எமரி, பொறுமை.

பிளாக்குக்கு இந்த அளவு பயம் தேவையில்லை. துருப்பிடித்த சாமான்களில் துணிந்து வாங்கக்கூடியது பிளாக்தான். ஓடாமல் கிடந்த என்ஜினில் எந்த சிலிண்டரில் வால்வு திறந்து நின்றதோ அதில்தான் ஈரம் புகுந்து துரு அதிகம் இருக்கும்; மற்றவை சுத்தமாக இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். போரிங் அடித்து அடுத்த சைஸ் பிஸ்டன் போடலாம், லைனர் மாற்றலாம். பார்க்க வேண்டியது வாட்டர் ஜாக்கெட்டை, சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வழியை. கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீரில் ஓடிய பிளாக்கில் பின்பக்க சிலிண்டரைச் சுற்றித் துருச்சேறு கல்லாக இறுகியிருக்கும். அந்த வழியின் ஓட்டைகளை அடைக்கும் டம்மிகளைக் கழற்றிக் கம்பியால் குத்தி எடுக்காமல் பூட்டினால் மலையில் சூடேறுவது நிச்சயம்.

ஹெட்டில் இரண்டு வால்வு சீட்டுக்கு நடுவில் விரிசல் இருந்தால் பேச்சே இல்லை. துருப்பிடித்த வால்வு ஸ்பிரிங், கேம், டாப்பெட், பால் பேரிங், இவற்றில் ஒரு குழி இருந்தாலும் இரும்பு விலைக்குத் தள்ளிவிடுங்கள். கன்ராட் போல்ட் எப்படியும் புதிது.

செலவுக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கழற்று கூலி, விரிசல் சோதனை, கிரைண்டிங், பேரிங் செட் எல்லாம் கூட்டி, புதிய கிராங்க் விலையில் பாதியைத் தாண்டினால் புதிதுக்குப் போவதே சரி. தேற்றுவது என்று முடிவானால் கிரைண்டிங் முடிந்து வந்த கிராங்கை அப்படியே பூட்டாதீர்கள். ஆயில் வழியின் பிளக்குகளைக் கழற்றி, உள்ளே பிரஷ் விட்டு, டீசலைப் பீய்ச்சிக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கல்பொடியும் பழைய துருவும் அந்தத் துளைக்குள்தான் ஒளிந்திருக்கும், புதுப் பேரிங்கை முதல் மணி நேரத்திலேயே கீறிவிடும். பூட்ட நாலு நாள் ஆகுமென்றால் கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் சுற்றி, நிமிர்த்தி நிறுத்துங்கள். படுக்கப் போட்டால் வளையலாம்.