டிராகனா, நிழலா, இயந்திர நாயா: பன்னிரண்டு வயதுக்கு எதை முதலில் கொடுப்பது?

"ஹாரி பாட்டர் ஏழையும் முடிச்சுட்டா. இனி என்ன வாங்கிக் கொடுக்கலாம்?" எங்கள் தெருவில் சனிக்கிழமை மாலை நான் நடத்தும் வாசிப்பு வட்டத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் அதிகம் கேட்பது இதைத்தான். "இவன் புத்தகத்தையே தொட மாட்டேங்கிறான், எதையாவது கொடுத்துப் பாருங்களேன்" என்பவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே பட்டியலை நீட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பட்டியலில் பாதி படிக்கப்படாமலே திரும்பி வந்தது. மாயக் கதையிலும் அறிவியல் புனைவிலும் நல்ல புத்தகங்கள் என்று பெயர் வாங்கியவை ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாக வைக்கக்கூடியவை அல்ல. ஒன்று பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்க வேண்டியது. இன்னொன்று கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படிக்க வேண்டியது. எனவே பட்டியலை விட்டுவிட்டு, என் அலமாரியில் போட்டி போடும் புத்தகங்களை இரண்டிரண்டாக எடுத்துவைத்துப் பார்க்கிறேன்.

ஹாரி பாட்டரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1997இல் தொடங்கி 2007இல் முடிந்த ஏழு புத்தகங்கள். எந்தப் பிள்ளைக்கும் அறிமுகம் தேவையில்லை. அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு உதவும் கருவி அது. முடித்துவிட்டு வரும் பிள்ளையிடம் "எந்த இடம் ரொம்பப் பிடிச்சது?" என்று கேட்பேன். குவிடிச் ஆட்டம், ரயில் பெட்டியில் தின்பண்டம், வீஸ்லி வீட்டுக் கலகலப்பு என்று சொன்னால் ஒரு வழி. முதல் புத்தகத்தில் இறந்துபோன அப்பா அம்மாவைக் காட்டும் அந்தக் கண்ணாடியையோ மூன்றாம் புத்தகத்தில் வரும், மகிழ்ச்சியை உறிஞ்சும் டிமென்டர்களையோ சொன்னால் வேறு வழி. முதல் பிள்ளைக்குத் துணை வேண்டும். இரண்டாவது பிள்ளை ஏதோ ஒன்றைத் தனியாக யோசித்துக்கொண்டிருக்கிறது.

'தி ஹாபிட்' எதிர் 'எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ'

துணை தேடும் பிள்ளைக்கு டோல்கின். 1936இல் 'ஹாபிட்'டின் கையெழுத்துப் படி லண்டனில் ஒரு பதிப்பாளரிடம் வந்தபோது, அவர் அதைத் தன் பத்து வயது மகனிடம் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். கூலி ஒரு ஷில்லிங். பையன் பிடித்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தான். 1937 செப்டம்பரில் புத்தகம் வந்தது. அறுபது ஆண்டு கழித்து ஹாரி பாட்டருக்கும் கிட்டத்தட்ட இதேதான் நடந்தது. பதிப்பகத் தலைவரின் எட்டு வயது மகள் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு மீதியைக் கேட்டாள். பிள்ளைகளுக்கான புத்தகத்தைப் பிள்ளையிடமே கொடுத்துப் பார்க்கலாம் என்று அந்த இரண்டு பேருக்கும் தோன்றியிருக்கிறது. நாமோ அட்டையில் போட்டிருக்கும் வயதைப் பார்த்து வாங்குகிறோம்.

'ஹாபிட்' டோல்கின் தன் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை. அந்தச் சொல்லும் குரல் அச்சிலும் அப்படியே நிற்கிறது. கதைசொல்லி நடுவில் நிறுத்தி நம்மிடம் பேசுகிறார், விளக்கம் சொல்கிறார், அடுத்து வரப்போவதைக் கோடி காட்டுகிறார். முதல் அத்தியாயத்தில் கதாநாயகன் பில்போவின் வீட்டுக்கு, டிராகன் பறித்த புதையலை மீட்கப் போகும் பதின்மூன்று குள்ளர்கள் அழையா விருந்தாளிகளாக அடுத்தடுத்து வந்து இறங்குகிறார்கள். அவன் கேக்குக்கும் தேநீருக்கும் ஓடி ஓடித் தவிக்கிறான். சொல்லாமல் கொள்ளாமல் உறவுக்காரர்கள் வந்து நின்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது உடனே புரிகிறது, விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஐந்தாம் அத்தியாயம் இன்னும் பிரமாதம். இருட்டுக் குகையில் கொல்லம் என்ற விசித்திரப் பிராணியுடன் உயிரைப் பணயம் வைத்து விடுகதைப் போட்டி. ஒவ்வொரு விடுகதையிலும் நிறுத்தி விடை கேட்பேன். முட்டைக்கான விடுகதை வந்தபோது ஒருத்தி துள்ளி எழுந்து, "எங்க ஆச்சி சொல்லுவாங்க, வாசல் இல்லாத வெள்ளை வீடு!" என்று கத்தினாள். அன்று அதற்கு மேல் புத்தகம் நகரவில்லை. ஆளுக்கொரு விடுகதை, இருட்டும் வரை.

ஆனால் இதே புத்தகத்தைத் தனியாகப் படிக்கக் கொடுத்தால் பலர் மிர்க்வுட் காட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். குள்ளர்களின் பெயர்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. ஃபிலி, கிலி, ஓயின், குளோயின் என்று பதின்மூன்று பேரைப் பிரித்தறிய, படிப்பவர் குரலை மாற்றிக் காட்ட வேண்டியிருக்கிறது. நடுநடுவே பாட்டுகள். கண்ணால் படிக்கும் பிள்ளை அவற்றைத் தாண்டிப் போய்விடும். இன்னொரு குறையை மறைக்க விரும்பவில்லை: கதையில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு பெண் பாத்திரம் கிடையாது. எங்கள் வட்டத்துப் பெண் பிள்ளைகள் இதைக் கேட்காமல் விட்டதே இல்லை.

இரண்டாவது வகைப் பிள்ளைக்கு உர்சுலா கே. லெ குவின். 1968இல் வந்த 'எர்த்ஸீ', பெரிய பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் வேண்டும் என்று ஒரு பதிப்பாளர் கேட்டதால் எழுதப்பட்டது. தீவுகளால் ஆன உலகம். கோன்ட் என்ற மலைத் தீவில் ஆடு மேய்க்கும் கெட் என்ற பையன், கொல்லரின் மகன், தாயில்லாதவன். அவனுக்கு முதல் மந்திரத்தைக் கற்றுக்கொடுப்பது ஊரில் மந்திரிக்கிற அவன் பெரியம்மா. பிறகு ரோக் தீவின் பள்ளிக்குப் போகிறான். ஹாரி பாட்டரின் பள்ளியான ஹாக்வார்ட்ஸ் போல விளையாட்டும் விருந்தும் அல்ல அங்கே முக்கியம். தன்னைவிட உயர்ந்தவனாகக் காட்டிக்கொள்ளும் ஒரு மாணவன் மீதுள்ள ஆத்திரத்தில், தன் வல்லமையைக் காட்ட, செய்யக்கூடாத மந்திரத்தைச் செய்கிறான். ஒரு நிழல் இந்த உலகத்துக்குள் வந்துவிடுகிறது. மிச்சக் கதை முழுவதும் அவனும் அந்த நிழலும்தான். அவன் ஓடுவதும், பிறகு ஒரு கட்டத்தில் திரும்பி அதைத் துரத்துவதும்.

இந்தக் கதையின் மந்திரம் பெயரில் இருக்கிறது. எந்தப் பொருளுக்கும் உண்மைப் பெயர் ஒன்று உண்டு, அதை அறிந்தவனுக்கு அது கட்டுப்படும். மனிதர்கள் தங்கள் உண்மைப் பெயரை மிக நெருங்கியவர்களுக்கு மட்டுமே சொல்வார்கள். ஊருக்கு வேறு பெயர். இதை நான் விளக்கவே வேண்டியதில்லை. பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், குலதெய்வக் கோயிலில் காதில் ஓதிய ஒரு பெயர் என்று வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். "வீட்டுப் பேரை கிளாஸ்ல யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அம்மாகிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன்" என்றான் ஒரு பையன். அவனுக்கு எர்த்ஸீ வேற்றுலகமே இல்லை.

இன்னொன்றும் உண்டு. கெட்டின் தோல் செம்பழுப்பு நிறம். அவனுடைய உற்ற நண்பன் வெட்ச் நல்ல கறுப்பு. வெள்ளைத் தோல்காரர்கள் கடலில் வந்து கொள்ளையடிப்பவர்கள். 1968இல் இதை அமைதியாக எழுதிவைத்தார் லெ குவின். பல பதிப்புகளின் அட்டையில் அவனை வெள்ளையனாக வரைந்தபோது வெளிப்படையாக வருத்தப்பட்டார். "அப்போ ஹீரோ நம்ம கலரா?" என்று ஒரு பிள்ளை அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி படித்ததைப் பார்த்திருக்கிறேன். சிவப்பழகு கிரீம் விளம்பரத்தோடு வளரும் பிள்ளை அது. அதன் முகத்தைப் பார்த்த பிறகு, எந்தப் புத்தகத்தை முதலில் கொடுப்பது என்ற கேள்விக்கு என் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

எர்த்ஸீக்கும் குறை இல்லாமல் இல்லை. உரையாடல் குறைவு. பழங்கதை சொல்வது போன்ற ஒரே சீரான நடை. வட்டத்தில் சத்தமாகப் படித்தபோது பத்து நிமிடத்தில் பாதிப் பேர் நெளிய ஆரம்பித்தார்கள், நிறுத்திவிட்டேன். பெண்களின் மந்திரத்தைத் தாழ்த்தும் ஒரு பழமொழியும் அதில் வருகிறது. லெ குவின் அதை அப்படியே விட்டுவிடவில்லை. 1971இல் வந்த இரண்டாம் நூலான 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' டெனார் என்ற பெண்ணின் கதை. 1990இல் 'டெஹானு'வில் மறுபடியும் பெண்களிடம் திரும்பினார். எனவே பெண் பிள்ளைக்கு முதல் நூலைக் கொடுக்கும்போதே இரண்டாவதையும் கையில் வைத்திருப்பது நல்லது.

ஆக ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, பெரியவர் யாராவது படித்துக் காட்டுவதாக இருந்தால் 'ஹாபிட்'. பன்னிரண்டைத் தொட்டு, தனியாகப் படிக்கும் பிள்ளைக்கு 'எர்த்ஸீ'. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், யோசிக்காமல் 'எர்த்ஸீ' என்பேன்.

அறிவியல் புனைவில்

இங்கே போட்டி இன்னும் சுவாரசியம், ஏனென்றால் தமிழிலேயே எழுதப்பட்டவை களத்தில் இருக்கின்றன. ஆங்கில நாவலோடு திணறும் பிள்ளைக்கு அகராதியைக் கையில் கொடுத்து உட்கார வைப்பதைப் போல வாசிப்பைக் கெடுக்கும் வேலை வேறில்லை.

மேடலின் லெங்கிலின் 'எ ரிங்கிள் இன் டைம்' 1962இல் வந்து, அடுத்த ஆண்டு, சிறுவர் நூல்களுக்கான அமெரிக்க விருதான நியூபெரி பதக்கம் பெற்றது. காணாமல் போன விஞ்ஞானி அப்பாவைத் தேடிப் போகும் மெக் என்ற பெண். கணக்கில் கெட்டிக்காரி, ஆனால் பள்ளியில் பெயர் கெட்டவள், எதற்கெடுத்தாலும் கோபம். அவளுக்குத் துணைக்குக் கொடுக்கப்படும் பரிசே அவளுடைய குறைகள்தான். வெளியை மடித்துத் தாண்டுவதை விளக்க, பாவாடை விளிம்பைப் பிடித்து, ஓர் எறும்பு ஒரு கையிலிருந்து மறு கைக்கு நடப்பதைக் காட்டுவார்கள். நான் துண்டை வைத்துச் செய்து காட்டுவேன். முடிவு சற்று அவசரம், விவிலிய வரிகளும் நிறைய. ஆனாலும் "நீ ஏன் இப்படி இருக்கே?" என்று எல்லோரும் கேட்கும் ஒரு பெண் பிள்ளைக்கு இதைவிட நல்ல புத்தகம் என் அலமாரியில் இல்லை.

எதிரில் ஜெயமோகனின் 'பனிமனிதன்'. தினமணி சிறுவர்மணியில் தொடராக வந்தது. இமயப் பனியில் ஒரு பிரமாண்டக் காலடித் தடம், அதைத் தேடி ஒரு பயணம். முதல் பக்கத்திலேயே ஆள் மாட்டிக்கொள்கிறது. மனக்குழப்பம் எல்லாம் பிறகு, முதலில் மலை ஏறு என்கிற புத்தகம். பரிணாமம், பனிமலை, பௌத்தம் என்று பலதும் கதையோடு கலந்து வருகின்றன. புத்தகத்தையே தொடாத பையன்களுக்கு நான் முதலில் நீட்டுவது இதுதான். பத்து வயதில் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குக்கூட, ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் என்று போகலாம். தொடருக்காக எழுதப்பட்டதால் ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்ததை இழுத்துக்கொண்டுதான் முடியும்.

அடுத்த இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. லோயிஸ் லோரியின் 'தி கிவர்' 1993இல் வந்தது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1980களில், ஆனந்த விகடனில் தொடராக வந்துவிட்டது. இரண்டிலும் எல்லாவற்றையும் அரசு தீர்மானிக்கும் ஓர் ஒழுங்கான உலகம். இரண்டிலும் பிள்ளை பெற்றுக்கொள்ள அனுமதி வேண்டும். 'கிவர்' உலகத்தில் ஒரு குடும்பத்துக்கு விண்ணப்பித்தால் ஓர் ஆண், ஒரு பெண், அவ்வளவுதான். சுஜாதாவின் கதாநாயகி நிலாவும் அனுமதிச் சீட்டு உலகத்தில்தான் வாழ்கிறாள். அவர் எதிர்காலம் என்று எழுதிய ஆண்டுகளை நாம் கடந்துவிட்டோம். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பிள்ளைகளை எண்ணச் சொன்னால் ஒரு மாலைப் பொழுது போதாது.

வேறுபாடு சூட்டில் இருக்கிறது. 'கிவர்' குளிர்ந்த புத்தகம். வாக்கியங்கள் சின்னவை, எளியவை. பன்னிரண்டு வயது ஜோனாஸுக்கு அந்த ஊரின் நினைவுகளைத் தாங்கும் வேலை தரப்படுகிறது. அதுவரை அங்கே நிறமே இல்லை என்பதை அவனோடு சேர்ந்துதான் நாமும் கண்டுபிடிக்கிறோம். சுஜாதாவிடம் வேகம், திருப்பம், அரசியல் சூழ்ச்சி, எல்லாவற்றுக்கும் மேலாக ஜீனோ. புத்தகம் படித்துப் படித்துத் தானாக யோசிக்கத் தொடங்கும் இயந்திர நாய். பெரியவர்கள் பதறி நிற்கும்போது நிதானமாகப் பேசுவது அதுதான். எந்தப் பிள்ளையும் இந்தக் கதையில் முதலில் காதலிப்பது ஜீனோவைத்தான். ஆனால் இது பெரியவர்களுக்கான வார இதழில் வந்த கதை. கணவன் மனைவி உறவும் கொலையும் வரும். பதினான்குக்கு முன்னால் நான் கொடுப்பதில்லை.

'கிவரை' எளிய ஆங்கிலத்தை நம்பி, நன்றாகப் படிக்கும் ஒரு பத்து வயதுப் பெண்ணிடம் கொடுத்தேன். அது என் தவறு. அந்த ஊரில் 'விடுவித்தல்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒரு கைக்குழந்தையை வைத்துக் காட்டும் அத்தியாயத்தை அவள் இரவில் தனியாகப் படித்திருக்கிறாள். அவளுக்கு ஒரு தம்பிப் பாப்பா இருந்தது. பதினோரு மணிக்கு அவள் அம்மா அழைத்தார். "பாப்பா தொட்டில் பக்கத்துலயே உக்காந்திருக்கா, எழுந்து வரமாட்டேங்கிறா." மறுநாள் காலையில் நேரில் போய் அவளோடு உட்கார்ந்து பேசினேன். அன்றிலிருந்து அந்தப் புத்தகத்தைப் பன்னிரண்டுக்குக் கீழே யாருக்கும் கொடுத்ததில்லை. வீட்டில் கைக்குழந்தை உண்டா என்றும் கேட்டுவிடுகிறேன்.

இரண்டு ஆண்டு கழித்து அவளே வந்து அதைக் கேட்டு எடுத்துப் போனாள். இந்த முறை கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டாள். ஜோனாஸுக்கு முடிவில் என்ன ஆனது என்று புத்தகம் தெளிவாகச் சொல்வதில்லை. பிழைத்தான் என்று அவள், இல்லை என்று இன்னொருவன். மூன்று சனிக்கிழமையாக வட்டம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. லோரி பின்னால் எழுதியவற்றில் விடை இருக்கிறது. 2004இல் வந்த 'மெசஞ்சரை' எடுத்து, நான் எதுவும் சொல்லாமல், அலமாரியின் முன் வரிசையில் வைத்திருக்கிறேன்.