போட்டிக் களத்தில் கோல்ட் ரிவால்வரா, வின்செஸ்டர் ரைபிளா?

1880களின் அமெரிக்க மேற்கில், குறி சுடும் போட்டிக்கு வந்து நிற்கும் துப்பாக்கி வீரன் எதைக் கையில் எடுக்க வேண்டும்? கோல்ட் கைத்துப்பாக்கி, வின்செஸ்டர் நீள்துப்பாக்கி இரண்டும் 1873ஆம் ஆண்டு மாதிரிகள், வின்செஸ்டருக்கென உருவான ‘.44-40’ என்னும் வகைத் தோட்டாவையே ஏற்கும் கோல்ட் ரகமும் அதற்குள் வந்துவிட்டதால், ஒரே இடுப்புப் பட்டையிலிருந்து இரண்டையும் நிரப்ப முடிந்தது.

தோட்டா ஒன்றாயினும் குறி ஒன்றாக அமைவதில்லை. ரைபிளின் 24 அங்குலக் குழலில் வெடிமருந்தின் வாயு குண்டைக் கூடுதல் தூரம் தள்ளுவதால் வேகம் மிகுகிறது. தோளில் ஊன்றிய கட்டை கையின் நடுக்கத்தை அடக்க, குழலின் முன்னும் பின்னும் உள்ள குறிமுனைகளுக்கு இடையிலான நீண்ட இடைவெளி சிறு பிழையையும் கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கிறது. ஏழரை அங்குலக் குழலுடைய கோல்ட்டில் இந்த வசதிகள் இல்லை. அதன் ஆறு அறைகளில்கூட, விபத்துக்கு அஞ்சி, தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியலுக்குக் கீழுள்ள அறையைப் பலர் காலியாக விட்டனர். வின்செஸ்டரின் குழலுக்குக் கீழுள்ள தோட்டாக் குழாயிலோ 15 தோட்டாக்கள்.

கோல்ட்டின் சிறப்பு உறையிலிருந்து வெளிவரும் விரைவு. 1865இல் மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் வைல்ட் பில் ஹிக்காக் என்னும் புகழ்பெற்ற துப்பாக்கி வீரர் ஏறத்தாழ 75 கஜத் தொலைவில் எதிராளியை ரிவால்வரால் வீழ்த்தினார் என்பது உண்மையே. ஆயினும் ரிவால்வரால் அவ்வளவு தொலைவில் குறி தவறாமல் சுடுவது மிக அரிது. இலக்கு அசையாமல் நூறு கஜத்தில் நிற்குமானால், நான் தயக்கமின்றி வின்செஸ்டரையே தேர்வேன்.