மாணவர் வலைப்பின்னல்: மூடுல் பதிவா, பெயர்ப் பட்டியலா?

வகுப்பில் யார் யாரிடம் பாடம் கேட்டுக்கொள்கிறார்கள் என்று வரைபடம் போட, தரவு எடுக்கும் வழி பெரும்பாலும் இரண்டுதான். மூடுல் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் விவாதக்களப் பதிவுகளை இறக்கிக்கொள்ளலாம். அல்லது வகுப்புப் பெயர்ப் பட்டியலை நீட்டி, "சந்தேகம் வந்தால் இதில் யாரிடம் கேட்பீர்கள்?" என்று டிக் அடிக்கச் சொல்லலாம். என் ஓட்டு பட்டியலுக்கு.

மூடுலில் செலவில்லை, தேதி நேரத்தோடு கிடைக்கும். ஆனால் பதிவு அட்டவணையில் 'பேரன்ட்' பத்தியில் இருப்பது எந்தப் பதிவுக்குப் பதில் என்ற எண். ஆளின் எண் அல்ல. அந்த எண்ணை வைத்து அட்டவணையை அதே அட்டவணையோடு ஒருமுறை இணைத்தால்தான் யார் யாருக்குப் பதில் சொன்னார் என்பது வரும். அதைச் செய்யாமல் கெஃபி என்ற வலைப்பின்னல் வரையும் மென்பொருளில் ஏற்றினாலும் படம் அழகாகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து. இன்னொரு சிக்கல்: பலர் முதல் பதிவின் பதில் பொத்தானையே அழுத்துவார்கள். கேள்வி போட்ட ஆசிரியர் நட்ட நடுவில் உட்கார்ந்துவிடுவார். மாணவர்களின் அசல் பேச்சோ வாட்ஸாப்பில் நடக்கும்.

பட்டியல் முறையின் உயிர்நாடி பதில் விகிதம். 60 பேரில் 42 பேர் நிரப்பினால் 70 சதவீதம். சாதாரணக் கருத்துக்கணிப்புக்கு அது தாராளம். வலைப்பின்னலில் கதை வேறு. மொத்தம் 60×59 = 3,540 அம்புகள் ('இவர் அவரிடம் கேட்கிறார்' என்ற இணைப்புகள்) சாத்தியம்; மீதி 18 பேரிடமிருந்து கிளம்ப வேண்டிய 1,062 தெரியாது. இருவரும் சொன்னால்தான் உறவு என்று வைத்தால் 1,770 ஜோடிகளில் இருவர் பதிலும் கையில் இருப்பது 861-க்குத்தான். பாதிகூடத் தேறாது. வராதவர்களையும் மற்றவர்கள் டிக் அடித்திருப்பார்கள் என்பதால் உள்வரும் இணைப்பு எண்ணிக்கை ஓரளவு தாங்கும். இடைப்பாலமாக இருப்பவர் யார் என்ற கணக்கு தாங்காது. விடுபட்ட ஒருவரே இரு குழுக்களுக்கும் நடுவில் நின்றிருக்கலாம்.

ஆகவே கூகுள் படிவ இணைப்பை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். லேப் நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி நேரில் வாங்குங்கள். வராதவர்களிடம் அடுத்த வகுப்பில். "ஐந்து பெயர் மட்டும்" என்று கட்டினால் பலரும் ஐந்தோடு நின்றுவிடுவார்கள், வேண்டாம். இன்டர்னல் மார்க் போடுபவர் கையில் படிவம் போகக் கூடாது, பெயர்களை உடனே குறியீடாக மாற்றிவிட வேண்டும். டிக் அடித்ததை 1, அடிக்காததை 0 என்று அட்டவணையாக்கும்போது நிரப்பாதவரின் வரிசையில் 0 போடாதீர்கள். 'தெரியாது' வேறு, 'இல்லை' வேறு. புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் (R) நிரல்மொழியின் ஸ்டாட்நெட் தொகுப்பு அந்த வித்தியாசத்தைக் காக்கும்.

200 பேரைத் தாண்டினால் பட்டியலைப் படித்து முடிப்பதற்குள் கை சலித்துவிடும்; அங்கே மூடுல் பக்கம் சாய்வதில் தப்பில்லை. நன்றாகப் படிப்பவர்கள் ஒன்றுசேர்கிறார்களா, சேர்ந்ததால் நன்றாகப் படிக்கிறார்களா என்பதற்கோ, ஒருமுறை வாங்கிய படிவம் பதில் சொல்லாது. செமஸ்டர் தொடக்கத்திலும் முடிவிலுமாக இரண்டு சுற்றாவது வேண்டும்.