கறுக்கும் குப்பி: தண்ணீர்க் கிருமிச் சோதனை எப்படி இருக்கிறது?

வாட்டர் பியூரிஃபையர் விற்க வருகிறவர்களிடம் ஒரு வித்தை உண்டு. இரண்டு டம்ளரில் தண்ணீர் எடுத்து, கரண்ட் பாயும் கம்பிகளை உள்ளே விடுவார்கள். நம் குழாய்த் தண்ணீர் சேறு மாதிரி பழுப்பாகும், அவர்களுடைய தண்ணீர் தெளிவாகவே நிற்கும். "பாத்தீங்களா மேடம், எவ்வளவு கிருமி!" அது கிருமியே இல்லை. தண்ணீரில் உப்பு இருப்பதால் கரண்ட் பாய்கிறது, இரும்புக் கம்பி கரைந்து துருவாகிறது. அவர்களுடைய ஆர்ஓ தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு அதே கம்பியை விடச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். டிடிஎஸ் மீட்டரும் அப்படித்தான், கரைந்த உப்பை மட்டும் காட்டும். மீட்டரில் 80 என்று குறைவாகக் காட்டும் தண்ணீரிலும் வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம்.

கிருமிக்கென்றே உள்ளது எச்2எஸ் குப்பி. எச்2எஸ் என்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. குவாலியரில் உள்ள ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்தவர்கள் உருவாக்கி 1982-ல் வெளியிட்ட முறை இது. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துப் பெண்கள் தண்ணீர் சோதிக்கும் பெட்டிகளிலும் இந்தக் குப்பி இருக்கிறது. மடிப்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மெண்டின் சம்ப், மோட்டார் கணக்கெல்லாம் என் தலையில்தான், அதனால் ஆன்லைனில் ஒரு டப்பா வாங்கினேன்.

குப்பிக்குள் மருந்து தோய்த்து உலர்த்திய காகிதப் பட்டை இருக்கிறது. கோடு வரை தண்ணீர் ஊற்றி, மூடி, இளஞ்சூடான இடத்தில் வைத்துவிட வேண்டும். முதலில் லேசாக மஞ்சள் நிறம் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். மலக்கழிவோடு வரும் பாக்டீரியாக்கள் இருந்தால் அவை பெருகி ஹைட்ரஜன் சல்ஃபைடை விடும். அது மருந்திலுள்ள இரும்போடு சேர்ந்ததும் குப்பி மை மாதிரி கறுத்துவிடும். சென்னை வெயிலில் மறுநாளே தெரிந்துவிடுகிறது. மார்கழியில் இரண்டு நாள் பொறுங்கள்.

லாரித் தண்ணீர் இறங்கிய சம்ப் கறுத்தது, எதிர்பார்த்ததுதான். ப்ளீச்சிங் பவுடர் போட்டு மறுபடி வைத்தபோது கறுக்கவில்லை. கேன் தண்ணீரை நேராகக் கேனிலிருந்து எடுத்தபோது ஒன்றும் இல்லை, டிஸ்பென்சர் குழாயில் பிடித்தது கறுத்தது. அந்தக் குழாயை யார் எப்போது கழுவினோம்? ஆர்ஓ மெஷினிலிருந்து நேராகப் பிடித்தது தேறியது. அதே தண்ணீரைக் குடத்தில் ஊற்றி, ஆளாளுக்குச் சொம்பை விட்டு மொண்ட வீட்டில் கறுத்தது. ஆர்ஓவிலுள்ள கார்பன் ஃபில்டர் குளோரினையும் எடுத்துவிடுவதால், வெளியே வந்த தண்ணீருக்குக் காவல் கிடையாது. கை பட்டால் போச்சு.

இது ஆமா, இல்லை என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு, எந்தக் கிருமி என்றெல்லாம் தெரியாது. வைரஸைக் காட்டாது, ஃப்ளோரைடு, நைட்ரேட் சமாசாரத்துக்கும் சம்பந்தமில்லை. அதனால் கறுக்காத தண்ணீரெல்லாம் சுத்தம் என்று எழுதிக் கொடுக்க முடியாது. சில போர் தண்ணீரில் இயற்கையாகவே இந்த எச்2எஸ் வாயு கலந்து, அழுகிய முட்டை நாற்றம் இருக்கும். அதை ஊற்றிய சில நிமிடத்திலேயே குப்பி கறுக்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். குடிநீருக்கான ஐஎஸ் 10500 விதிப்படி 100 மில்லியில் ஈ.கோலை என்ற மலக்கழிவு பாக்டீரியா ஒன்றுகூடத் தென்படக் கூடாது. அந்த அளவுக்கு உறுதி வேண்டுமென்றால் லேபுக்குத்தான் போக வேண்டும்.

எனக்குப் பிடிக்காதது, டப்பாவில் எறும்பு எழுத்தில் ஆங்கிலக் குறிப்பு மட்டும் இருந்ததுதான். அதிலும் முக்கியமான விஷயம் கடைசி வரியில்: கறுத்த குப்பியைத் திறந்து அப்படியே சிங்க்கில் கொட்டக் கூடாது, உள்ளே இருப்பது வளர்த்துவிட்ட கிருமி. ப்ளீச்சிங் கரைசல் ஊற்றி ஊறவிட்டு, அப்புறம் டாய்லெட்டில் கொட்டுங்கள். நாற்றம் குடலைப் பிடுங்கும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஒரு குப்பி, ஹோட்டலில் காபியும் வடையும் சாப்பிடுகிற காசுதான். பியூரிஃபையர் வாங்குகிறவர்கள் இதையும் கூட வாங்கலாம். காலாவதித் தேதி பார்த்து, ஐந்தாறு மட்டும் வாங்குங்கள். லாரி மாறும்போதும் மழை முடிந்ததும் சம்புக்கு ஒன்று வைத்தால் போதும்.