பள்ளி மென்பொருள்: அலுவலகம் சொல்லும் குறை எங்கே போய்ச் சேருகிறது?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு தனியார் பள்ளி, கட்டணம், வருகைப்பதிவு, மதிப்பெண், வாகனக் கணக்கு ஆகியவற்றுக்கு மென்பொருள் வாங்க நினைத்தால், பெரும்பாலும் அதன் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. உள்ளூரில் ஓரிருவர் நடத்தும் நிறுவனத்திடம் எழுதி வாங்கி அலுவலகக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்று ஆண்டுச் சந்தா கட்டி, பெருநகர நிறுவனத்தின் இணையவழிச் சேவையைப் பெறலாம். அல்லது இ.ஆர்.பி.நெக்ஸ்ட் போன்ற திறமூல மென்பொருளை (நிரலை யாரும் எடுத்துப் பார்க்கவும் மாற்றவும் கூடியது) எடுத்து, விவரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு அமைத்துக்கொள்ளலாம். தாளாளர்கள் இவற்றை விலையையும் வசதிப் பட்டியலையும் வைத்தே ஒப்பிடுகிறார்கள். ஆனால் எந்தப் பள்ளி மென்பொருளும் வாங்கும் நாளில் முழுமையாக இருப்பதில்லை. கணக்கர் சொல்லும் குறை யாரிடம் போகிறது, எப்போது திருத்தமாகத் திரும்புகிறது என்பதை வைத்துத்தான் அது நாளடைவில் தேறுகிறது, அல்லது அலுவலகத்துக்குச் சுமையாகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய ஒரு குறையை எடுத்துக்கொள்வோம். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் இங்கே இரண்டு. கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்தில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடற்கரைக் கணக்கில் வரும் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பகுதிகளில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பள்ளி திறந்து முதல் தவணை கேட்கும் ஜூன் மாதத்தில், ஒரே வகுப்பில் படிக்கும் இரு பிள்ளைகளில் ஒருவரின் தந்தை மாத நடுவில் கடலுக்குப் போய்விடுகிறார். மற்றவரின் தந்தைக்கு ஆகஸ்ட் வரை வருமானம் இல்லை. வகுப்புக்கு ஒரே கடைசித் தேதி என்று எழுதப்பட்ட மென்பொருள் இருவருக்கும் தாமதக் கட்டணத்தைத் தானாகவே ஏற்றிவிடுகிறது. கணக்கர் அதைக் கையால் நீக்கி, சலுகை என்ற தலைப்பில் பதிவு செய்கிறார். ஆண்டு இறுதித் தணிக்கையில், யாரும் கையெழுத்திட்டுத் தராத சலுகைத் தொகை ஒன்று கணக்கில் நிற்கிறது. அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியவரும் அதே கணக்கர்தான்.

இந்தக் குறையை உள்ளூர் நிறுவனத்திடம் சொன்னால், விளக்கவே தேவையில்லை. தடைக்காலம் என்றால் என்னவென்று கேட்பவருக்குத் தெரியும். சில நாள்களில் அவர் நேரில் வந்து, குடும்பம் வாரியாகத் தவணைத் தேதி கொடுக்கும் வசதியைச் சேர்த்துவிட்டுப் போகிறார். இந்த வேகமும் இந்தப் புரிதலும் வேறெங்கும் கிடைப்பதில்லை என்பதே என் கணிப்பு. ஆனால் அந்தத் திருத்தம் பெரும்பாலும் அந்த ஒரு கணினியோடு நின்றுவிடுகிறது. பக்கத்துப் பள்ளியில் அதே மென்பொருளின் பழைய பிரதி ஓடிக்கொண்டிருக்கும். அங்கே அதே குறையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். தொலைபேசியிலும் வாட்ஸ்அப் குரல்செய்தியிலும் சொன்னவற்றுக்குப் பதிவே இல்லாததால், எது முடிந்தது, எது பாக்கி என்று இரு தரப்புக்கும் தெரிவதில்லை. எழுதியவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டால் எல்லாம் நின்றுவிடும் என்பது, வளைகுடாப் பயணம் வழக்கமாகிவிட்ட இம்மாவட்டத்தில் வெறும் கற்பனையான அச்சம் அல்ல.

இணையவழிச் சேவையில் குறைக்கு டிக்கெட் எண், அதாவது புகார் எண், உடனே வந்துவிடும். திருத்தம் நடந்தால் வாடிக்கையாளர் அனைவருக்கும் ஒரே இரவில் போய்ச் சேரும். எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான சிக்கல்களில் இவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாக முந்துகிறார்கள். எடுத்துக்காட்டாக, கனமழை நாளில் ஆட்சியர் விடுமுறை அறிவித்ததும் பெற்றோருக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி, அனுப்புநர் பெயரும் செய்தியின் வார்ப்பும் (டெம்ப்ளேட்) முன்பே டி.எல்.டி. என்ற குறுஞ்செய்திப் பதிவுத் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். வார்ப்பிலிருந்து வாசகம் மாறினால் செய்தி தடுக்கப்படும். இதைப் பல பள்ளிகளில் பார்த்துப் பழகிய உதவிப் பணியாளர் சில நிமிடங்களில் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் தடைக்காலத் தவணை போன்ற கோரிக்கை, எத்தனை பள்ளிகள் கேட்கின்றன என்ற எண்ணிக்கையில் தோற்றுப்போகிறது. மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நவம்பர் 1, கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா நாளான டிசம்பர் 3, மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் கொடைவிழா ஆகியவற்றுக்கான உள்ளூர் விடுமுறையும், அதை ஈடுசெய்யும் சனிக்கிழமை வேலைநாளும் மாநில நாள்காட்டியில் இல்லாததால், வருகைப்பதிவில் ஆண்டுதோறும் இதே சிக்கல்தான். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் கட்டாயமாக்கி, இனிஷியலோடு மட்டும் வாழும் நம் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு புள்ளியை இட வைக்கும் சேவைகளும் உண்டு. அந்தப் புள்ளி அடையாள அட்டையில் அச்சாகிப் பெற்றோர் கைக்குப் போகும்போது, பள்ளிக்குத்தான் தலைகுனிவு.

திறமூல வழியில் குறைகளின் பட்டியலே பொதுவில் இருக்கிறது. யார் கேட்டார்கள், யார் மறுத்தார்கள், ஏன் மறுத்தார்கள் என்பதைப் படித்தறியலாம். இ.ஆர்.பி.நெக்ஸ்ட் மும்பையைச் சேர்ந்த ஃபிராப்பே நிறுவனத்தின் படைப்பு. கல்விக்கான பகுதி இப்போது தனிச் செயலியாகப் பிரிந்திருக்கிறது. எல்லைக்கு அப்பால் கேரள அரசுப் பள்ளிகளுக்காக உருவான ‘சம்பூர்ணா’வும் ஃபெடீனா என்ற திறமூல மென்பொருளின் அடிப்படையில் எழுந்ததுதான் என்பதால், இந்த வழி வேலைக்காகாது என்று ஒதுக்க முடியாது. ஆனால் பட்டியல் ஆங்கிலத்தில் நடக்கிறது. நம் கணக்கர் அதில் எழுதப்போவதில்லை. இடையில் சம்பளத்துக்கு ஒருவர் இருந்தாக வேண்டும். ஐந்தாறு பள்ளிகளைச் சேர்த்து நடத்தும் மறைமாவட்டங்களும் அறக்கட்டளைகளும் அந்தச் செலவைத் தாங்கும், தனிப்பள்ளி தாங்காது.

மூன்றில் எதை எடுத்தாலும், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் தனியாகப் பதியும் வேலை குறையப்போவதில்லை. ஆகவே, எமிஸ் எண்ணோடு மாணவர் விவரத்தை எக்செல் கோப்பாக எடுக்க முடியுமா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

ஐந்நூறு அறுநூறு பிள்ளைகள் படிக்கும் தனிப்பள்ளிக்கு நான் உள்ளூர் நிறுவனத்தையே பரிந்துரைப்பேன். ஆனால் வாய்மொழியில் அல்ல, எழுத்திலான ஒப்பந்தத்தோடு. மூலநிரலின் (சோர்ஸ் கோட்) பிரதி பள்ளியிடம் இருக்க வேண்டும். வாராந்திர பேக்கப்பைத் திறந்து பார்த்துச் சரிபார்க்க வேண்டும். ஒரு பள்ளிக்குச் செய்த திருத்தம் எல்லாப் பள்ளிகளுக்கும் போய்ச் சேர வேண்டும். குறைகளை இரு தரப்பும் பார்க்கும் ஒரே தாளில், தேதியும் சொன்னவர் பெயரும் சேர்த்துப் பதிய வேண்டும்; பிள்ளைகளின் பெயர் தெரியும் ஸ்கிரீன்ஷாட்களை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தையும், 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்ட நிலையில், இத்தோடு நிறுத்திவிடலாம். அந்தத் தாளை நிரப்ப வேண்டியவர் தாளாளர் அல்லர், ரசீது போடும் கணக்கர்; மாதம் ஒருமுறை மென்பொருள் எழுதியவர் அவர் பக்கத்தில் அமர்ந்து, கட்டணம் வாங்கும் நேரத்தில் அவர் விரல் எங்கெங்கே தயங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.