ஜெனரேட்டர் கவர்னர் ஓவர்ஹால் என்று பில் போட்டார்கள், மூடியைக்கூடத் திறக்கவில்லை

ஜெனரேட்டரை லோடு இல்லாமல் ஓட்டிக் காட்டிவிட்டு, இன்ஜின் வேகத்தை நிலையாக வைக்கும் கருவியான "கவர்னர் சரியாகிடுச்சு" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து பணம் கொடுக்காதீர்கள். எங்களை அப்படித்தான் ஏமாற்றினார்கள்.

எங்கள் டீசல் ஜெனரேட்டரில் பெரிய மோட்டார் ஒன்று ஸ்டார்ட் ஆனால் போதும், வேகம் விழும், உடனே அளவுக்கு மேல் ஏறும், மறுபடி விழும், ஒரு நிலைக்கு வரவே வராது. ஹன்டிங் என்பார்கள். பார்க்க வந்த சர்வீஸ்காரர் கவர்னரே போய்விட்டது, கழற்றி ஓவர்ஹால் செய்யணும் என்றார். வேலை முடிந்தது என்று மீட்டரில் 50 ஹெர்ட்ஸ் காட்டி, பணத்தை வாங்கிக்கொண்டு போனார்.

அந்த 50-தான் ஏமாற்று வேலை. எங்களுடையது மெக்கானிக்கல் கவர்னர். சுழலும் எடைகள் ஒரு பக்கம், ஸ்பிரிங் எதிர்ப்பக்கம். லோடு ஏறி வேகம் குறைந்தால் எடைகள் ஒடுங்கும், ஸ்பிரிங் ரேக்கை (பம்பில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) தள்ளி டீசலைக் கூட்டும். அந்தக் கூடுதல் டீசல் தொடர்ந்து போக வேண்டுமானால் எடைகள் ஒடுங்கியேதான் இருக்கணும், அதாவது வேகம் கொஞ்சம் குறைந்தேதான் நிற்கும். இதற்குப் பெயர் ட்ரூப். 4 சதவீத ட்ரூப் உள்ள இன்ஜின் முழு லோடில் 1500 ஆர்பிஎம், அதாவது 50 ஹெர்ட்ஸில் ஓட, வெறுமனே ஓடும்போது 1560, அதாவது 52 ஹெர்ட்ஸ் இருக்கணும். வெறும் ஓட்டத்திலேயே 50 வைத்தால் முழு லோடில் 48 பக்கம் இறங்கிவிடும். எங்களுக்கு அதுவேதான் நடந்தது, யுபிஎஸ் ஜெனரேட்டர் கரன்டை ஏற்கவே இல்லை, ஹன்டிங்கும் அப்படியே இருந்தது. (எலக்ட்ரானிக் கவர்னரை எல்லா லோடிலும் ஒரே வேகம் நிற்கும்படி வைக்கலாம், அது வேறு கணக்கு.)

திரும்பக் கூப்பிட்டதற்கு அவர் செய்ததுதான் பெரிய அநியாயம். டீசல் பம்பில் அதிகபட்ச டீசலைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூவின் சீலை உடைத்துத் திருகிவிட்டார். ஹன்டிங்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. லோடு ஏறினால் கறுப்புப் புகை வர ஆரம்பித்ததுதான் மிச்சம்.

அப்புறம் வேறொரு மெக்கானிக் வந்தார். கவர்னர் மூடியின் போல்ட்டுகளில் பழைய பெயின்ட் விரிசல்கூட விடாமல் அப்படியே இருப்பதைத்தான் முதலில் காட்டினார், யாரும் திறந்ததே இல்லை. உண்மையான கோளாறு வெளியே இருந்தது: கவர்னரை டீசல் பம்போடு இணைக்கும் லிங்கேஜ் கம்பியின் மூட்டு தேய்ந்து ஆடியது, டீசல் லைனில் ஒரு வாஷர் வழியாகக் காற்று இழுத்தது. இரண்டையும் மாற்றினார், பம்பை கலிபரேஷனுக்கு அனுப்பி மறுபடி சீல் வைக்கச் சொன்னார். இப்போது மோட்டார் ஸ்டார்ட் ஆனால் வேகம் ஒருமுறை விழுந்து எழுந்து நின்றுவிடுகிறது.

கவர்னர் வேலை கொடுத்தால் மூடி திறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். லோடை கால், அரை, முக்கால், முழுசு என்று ஏற்றி ஒவ்வொன்றிலும் ஹெர்ட்ஸ் எவ்வளவு என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள், முழு லோடை ஒரேயடியாக எடுத்தும் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் வந்தவரிடம் போல்ட் படங்களை அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறோம், இதுவரை பதில் இல்லை.