ஒரே படிவமா, ஒரே உண்டியலா? நிதி தருபவர்கள் கைகோக்கும் வழிகள், வாங்குபவர் பக்கத்திலிருந்து

மூன்று அறக்கட்டளைகள், ஒரே கேள்வி: "உங்கள் பணியால் என்ன மாற்றம் வரும்?" முதலாவது 200 சொல்லுக்குள் பதில் கேட்டது. இரண்டாவது 1,500 எழுத்துக்குள். இடைவெளியும் அந்தக் கணக்கில் சேரும். மூன்றாவது அதையே அட்டவணையாகப் போடச் சொன்னது. ஒருவருக்கு நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, இன்னொருவருக்கு ஜனவரியில். பிரிட்டனில், வாரம் ஒருநாள் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு போடும் சின்னக் குழு ஒன்றுக்கு நான் பொருளாளராக இருந்தேன். மூன்று பேரிடமும் சேர்த்து நாங்கள் கேட்ட தொகை, ஒரு பகுதிநேர ஊழியரின் ஓராண்டுச் சம்பளத்துக்குக்கூடக் காணாது.

எங்களுடையது விதிவிலக்கான குழுவல்ல. அந்த நாட்டுத் தொண்டு அமைப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு, ஆண்டுக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கும் குறைவான வருமானத்தில் ஓடுபவை. அதற்கும் கீழே, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டு வருமானம் 5,000 பவுண்டைத் தொடாததால் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமே இல்லாத குழுக்கள் எத்தனையோ. படிவம் நிரப்பச் சம்பளத்துக்கு ஆள் வைக்க இவர்களால் முடியாது. அதனால் "நாங்கள் ஒருங்கிணைந்து செயல்படுகிறோம்" என்று நிதி தருபவர்கள் சொன்னால், என் முதல் கேள்வி இதுதான்: அந்த ஒருங்கிணைப்பால் யாருடைய அலைச்சல் குறைந்தது, உங்களுடையதா, எங்களுடையதா?

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, புழக்கத்தில் உள்ள வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

கூடிப் பேசுவது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சந்திப்பு, யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற பட்டியல் பரிமாற்றம். ஆகச் சுலபமான வழி, ஆகக் குறைந்த பலனும் இதில்தான். இதில் உருப்படியாக விளைந்தது தரவு. 360கிவிங் என்ற அமைப்பு வகுத்த பொது வடிவத்தில் 200-க்கு மேற்பட்ட நிதி தருபவர்கள் தாங்கள் கொடுத்த நல்கைகளின் (நிதியுதவிகளின்) விவரத்தை வெளியிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். பக்கத்துத் தெருக் குழுவுக்கு யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்று பார்த்துவிட்டு விண்ணப்பம் போட எனக்கு உதவியது. ஆனால் போட வேண்டிய விண்ணப்பங்களில் ஒன்றுகூடக் குறையவில்லை.

பேசிக்கொள்வதால் வரும் ஒரு கெடுதலையும் சொல்ல வேண்டும். "மற்றவர்கள் யார் தருகிறார்கள்?" என்று ஒருவர் கேட்பார். அவர் சம்மதித்தால் நாங்களும் தருகிறோம் என்பார் அடுத்தவர். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்கிற கதை. ஒரு வருடம் எங்கள் கூடத்தின் வாடகை இப்படி இரண்டு பேருக்கு நடுவில் ஏழு மாதம் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரே படிவம், தனித்தனிப் பை

2020 கோவிட் காலத்தில் லண்டனில் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். லண்டன் ஃபண்டர்ஸ் என்ற கூட்டமைப்பு முன்னின்று நடத்திய 'லண்டன் கம்யூனிட்டி ரெஸ்பான்ஸ்' திட்டத்தில் 60-க்கு மேற்பட்ட நிதி தருபவர்கள் சேர்ந்தார்கள். குழுக்களுக்குப் போய்ச் சேர்ந்தது 5 கோடி பவுண்டுக்கு மேல். குழு ஒரே ஒரு விண்ணப்பம் போடும்; அது எல்லார் கண்ணிலும் படும். தன் நோக்கத்துக்கு ஒத்துவருவதை ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டு தம் பையிலிருந்து கொடுப்பார். இதைத் தவிர, தங்கள் பணத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்து, "நீங்களே பார்த்துக் கொடுங்கள்" என்றவர்களும் உண்டு.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது, எந்த அறக்கட்டளையும் தன் அதிகாரத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறுவனப் பத்திரம் உண்டு: இது குழந்தைகளுக்கு மட்டும், அது குறிப்பிட்ட ஒரு பகுதிக்கு மட்டும் என்று. அந்த வரம்பைத் தாண்ட அறங்காவலர்களால் முடியாது. பணத்தை ஒன்றாகக் கொட்டு என்றால் பாதிப் பேர் சட்ட ஆலோசகரைக் கூப்பிடுவார்கள். கேள்விகளை ஒன்றாக்கு என்றால் மறுக்கக் காரணம் தேட வேண்டும். தவிர, நான் யாரிடம் போக வேண்டும் என்று தேடி அலையும் பாரம் என் தலையிலிருந்து இறங்கி அவர்கள் தலைக்குப் போகிறது. நியாயமாக அது இருக்க வேண்டிய இடமும் அதுதான்.

குறை இல்லாமல் இல்லை. அறுபது பேர் சேர்ந்து வடிக்கும் படிவம் அறுபது பேரின் கேள்விகளையும் சுமந்து வீங்கிவிடும். அவசர காலத்தில் யாரும் "இந்தக் கேள்வியும் வேண்டும்" என்று அடம் பிடிப்பதில்லை. நிலைமை சீரானதும் ஆளுக்கொரு கேள்வியாகத் திரும்ப நுழையும். இன்னொன்று, விண்ணப்பத்தை மோசமாக எழுதினால் ஒரே நாளில் அறுபது பேர் கண்ணிலும் மோசமாகத் தெரியும். தனித்தனியாகப் போடும்போது முதல் இரண்டில் தோற்று, அதில் கற்றதை வைத்து மூன்றாவதில் தேறலாம். எங்கள் குழு பிழைத்ததே அப்படித்தான்.

ஒரே உண்டியல்

எல்லாரும் ஒரு பொது நிதியில் போட, ஒரே இடத்தில் முடிவெடுத்துப் பிரித்துக் கொடுப்பது. 2017 ஜூன் 14 அன்று லண்டனின் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு தீப்பிடித்து 72 பேர் இறந்தார்கள். பல அமைப்புகள் தனித்தனியாக நன்கொடை திரட்டின. வீட்டையும் உறவையும் இழந்தவர்கள், எந்தப் பணத்துக்கு யாரிடம் போவது என்று தெரியாமல் திணறினார்கள். மான்செஸ்டரில் இசை நிகழ்ச்சியில் நடந்த குண்டுவெடிப்பும் அதே ஆண்டுதான். அந்தப் படிப்பினையிலிருந்து பிறந்தது, பேரிடருக்கான நன்கொடையை ஒரே இடத்தில் திரட்டும் நேஷனல் எமர்ஜென்சீஸ் டிரஸ்ட். 2019 நவம்பரில் தொடங்கியது. நாலு மாதத்தில் கோவிட். அதன் நன்கொடை வேண்டுகோளுக்குச் சேர்ந்த தொகை 10 கோடி பவுண்டை நெருங்கியது.

அவசரத்துக்கு உண்டியலைப் போல வேறில்லை. சாதாரண நாளில் எனக்கு இது பயம் தருகிறது. முடிவெடுக்கும் மேசை ஒன்றுதான் என்றால் மறுப்பும் ஒன்றுதான், மேல்முறையீடு எங்கே? ஊரில் பத்து வாசல் இருந்தால், ஒன்பது பேர் முகம் சுளிக்கும் காரியத்துக்குப் பத்தாவது ஆள் கொடுப்பார். விடுதலையான கைதிகளோடு வேலை செய்பவர்கள், ஆவணமற்ற குடியேறிகளுக்கு உதவுபவர்கள் போன்றோர் அந்தப் பத்தாவது வாசலால்தான் நிற்கிறார்கள். ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்தால், எல்லாருக்கும் சங்கடமில்லாத விண்ணப்பம்தான் தேறும்.

நடுவில் ஓர் உள்ளூர்க் கை

தேசிய அளவிலான உண்டியல், தெருமுனைக் குழுவை நேரடியாக அறியாது. மேற்சொன்ன டிரஸ்ட்டும் கோவிட் பணத்தை அந்தந்த வட்டாரத்துக்கென்று இயங்கும் 40-க்கு மேற்பட்ட சமூக அறக்கட்டளைகள் வழியாகத்தான் இறக்கியது. இந்த வடிவம் நூற்றாண்டைக் கடந்தது. 1914-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஃபிரடெரிக் காஃப் என்ற வங்கியாளர் முதல் சமூக அறக்கட்டளையை அமைத்தார். செத்துப்போன கொடையாளியின் உயில் காலத்துக்கு ஒவ்வாமல் போன பிறகும் பணத்தைக் கட்டிப்போட்டு வைத்திருந்ததுதான் அவருக்கு உறுத்தல். பலருடைய சொத்தை ஒரே இடத்தில் வைத்து, ஊர்க்காரர்களின் குழு ஒன்று காலத்துக்கேற்ப அதன் பயனைத் திருப்பிவிடலாம் என்று வழி செய்தார்.

பெரிய நிதியின் வாசலைக்கூட மிதிக்க முடியாத குழுவுக்கு இதுதான் வாசல். ஆள் நேரில் வருவார், கூடத்தைப் பார்ப்பார், சமையலறையில் இரண்டு அண்டாதான் இருக்கிறது என்று குறித்துக்கொள்வார். எங்கள் முதல் நல்கை அப்படிக் கிடைத்ததுதான். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வழிவிட வேண்டுமே. நிர்வாகச் செலவென்று ஒரு பங்கு அங்கே கழியும். கழிவதில் தப்பில்லை, எவ்வளவு என்று மேலேயும் கீழேயும் தெரிந்தால் சரி. அதைவிட உறுத்துவது பழக்கம். பூசாரிக்குத் தெரிந்த குழுக்களே திரும்பத் திரும்ப வாங்கும்.

இதன் கடைக்கோடி வடிவம் 'பிக் லோக்கல்' என்ற திட்டம். லாட்டரிப் பணத்தில் 21.7 கோடி பவுண்டு. இங்கிலாந்தின் 150 பகுதிகளுக்குத் தலா 10 லட்சம் பவுண்டாவது. செலவழிக்க 10 முதல் 15 ஆண்டு. என்ன செய்வதென்று அங்கே வசிப்பவர்களே தீர்மானித்தார்கள். வசிப்பவர்கள் கூடிய குழுவுக்குச் சட்டப்படி தனி நிறுவனம் என்ற தகுதி தேவைப்படவில்லை. பணத்தை வைத்துக் கணக்குப் பார்க்க ஓர் உள்ளூர் அமைப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். பணம் ஓரிடம், முடிவு ஓரிடம் என்ற இந்தப் பிரிப்பு அழகானது. மற்ற எல்லா வழிகளைவிடவும் மெதுவானதும்கூட. மறுநாள் சோறு போட வேண்டியவர்களுக்கு ஆகாது.

எதை எடுப்பேன்?

பேரிடருக்கு உண்டியல். வங்கிக் கணக்கையே இப்போதுதான் திறக்கும் குழுவுக்கு உள்ளூர்க் கை. நாலைந்து வருடம் ஓடி, கணக்கு வழக்கு தெளிவாக வைத்திருக்கும் குழுவுக்கு ஒரே படிவம், தனித்தனிப் பை. சந்திப்புகளைத் தொடரட்டும், ஆனால் அதற்குக் கூட்டுறவு என்று பெயர் வைக்க வேண்டாம்.

இதில் எந்த வழியிலும் சேராமலே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. 2021-இல் ஐவார் என்ற ஆய்வு அமைப்பு, நிதி தருபவர்களிடம் எட்டு உறுதிமொழிகளை முன்வைத்தது: தேவையில்லாததைக் கேட்காதே, சீக்கிரம் முடிவு சொல், ஏன் மறுத்தாய் என்று சொல், எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கும்படி பணம் கொடு, அறிக்கைச் சுமையை அளவோடு வை என்பதுபோல. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஏற்றார்கள். என்னைக் கேட்டால் இவற்றில் அறிக்கையைத்தான் முதலில் ஒன்றாக்கியிருக்க வேண்டும். விண்ணப்பம் ஒரு தடவை. அறிக்கை ஆண்டு முழுக்க. நான் பொறுப்பை விட்ட வருடம், ஒரே வருகைப் பதிவேட்டை, ஒரே 34 பெயர்களை, மூன்று தேதிகளில் மூன்று பேருக்கு நகலெடுத்து அனுப்பினேன். ஒருவர் வயதை ஐந்தைந்து வருடமாகப் பிரித்துக் கேட்டார், இன்னொருவர் பத்துப் பத்தாக. மூன்றாமவருக்கு 65-க்கு மேலா கீழா என்பது போதும். எங்கள் குழுவில் 64 வயதுக்காரர் ஒருவர் இருந்தார், பிறந்தநாள் பிப்ரவரியில். அவர் எந்த அறிக்கையில் எந்தக் கட்டத்தில் வருவார் என்று கணக்குப் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.